காடைக் கூண்டில் ஆண் எது, பெண் எது? காயமின்றி வளர்ப்பது எப்படி?

சென்ற ஆண்டு ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில், ஒரு சிறு விவசாயி தம் மகளை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மகள் எட்டாம் வகுப்பு படிப்பவள். அவள் கையில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் பழைய துண்டில் சுற்றப்பட்ட ஒரு காடை. அதன் தலையில் உச்சி முதல் பிடரி வரை இறகே இல்லை. தோல் கிழிந்து மண்டையோடு தெரிந்தது.

"ஐயா, வெள்ளைக்கழிச்சல் மாதிரி ஏதோ வந்திருக்குங்க. பன்னிரண்டு வாங்கினோம், மூணு செத்துப் போச்சு. மருந்துக் கடையில கொடுத்த பொடியைத் தண்ணியில கலந்து வச்சோம், கேக்கலீங்க" என்றார் தந்தை. பள்ளியில் பரிசாகக் கிடைத்த பணத்தில் அந்தப் பெண் வாங்கிய குஞ்சுகள் அவை. இரண்டு வார வயதில் வாங்கி, ஒன்றுகூடச் சாகாமல் வளர்த்து, முட்டையிடும் பருவம் வந்தபின் ஒவ்வொன்றாக இழக்கத் தொடங்கியிருக்கிறாள்.

கழிச்சல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, கழுத்து முறுக்கல் இல்லை. எச்சம் சரியாக இருக்கிறது. தீனியும் எடுக்கிறது. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பன்னிரண்டில் ஆண் எத்தனை அம்மா?" அவள் தந்தையைப் பார்த்தாள். தந்தை, "குஞ்சாத்தானே ஐயா வாங்கினோம்" என்றார். மறுநாள் மிச்சமிருந்த ஒன்பதையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபோது ஆறு ஆண், மூன்று பெண். செத்த மூன்றில் இரண்டு பெண் என்பது, மார்பில் புள்ளி இருந்ததாக அவள் நினைவுபடுத்திச் சொன்னதிலிருந்து தெரிந்தது. ஆக, தொடக்கத்தில் ஏழு ஆணும் ஐந்து பெண்ணும் ஒரே கூண்டில் இருந்திருக்கின்றன. அங்கே நோய் எதுவும் இல்லை, கணக்குத்தான் தவறு.

குஞ்சு விற்றவரையும் இதில் குறை சொல்வதற்கில்லை. தரம் பிரிக்காத குஞ்சு வாங்கினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணாக இருப்பது இயற்கை. அதைப் பிரித்தறிய வேண்டிய நேரத்தில் பிரித்தறியாமல் விட்டதே தவறு. காடை வளர்ப்போரிடையே இத்தவறு பரவலாக இருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாம் வளர்க்கும் காடை

பண்ணையிலும் வீட்டிலும் நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. ஜப்பானில் இது பல நூற்றாண்டுகளுக்கு முன், அதன் குரலுக்காகவே செல்லப் பறவையாகக் கூண்டில் வளர்க்கப்பட்டது. முட்டைக்கும் இறைச்சிக்கும் என்று பெருக்கியது பின்னாளில்தான். நம் நாட்டிற்கு 1974-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாமக்கல் காடை, நந்தனம் காடை ஆகிய ரகங்களை உருவாக்கி வெளியிட்டது. காட்டில் திரியும் காடை வேறு. அதைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணி வைத்துப் பிடித்த காடையைக் கூண்டில் விட்டுப் பெருக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

முட்டையிலிருந்து 17 அல்லது 18 நாட்களில் குஞ்சு வெளிவரும். அப்போது அதன் எடை 7 முதல் 8 கிராம், கட்டைவிரல் பருமன்தான். ஆறு, ஏழு வாரத்தில் பெண் முட்டையிடத் தொடங்கிவிடும். நன்கு பராமரித்தால் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் கிடைக்கும். இவ்வளவு விரைவாகப் பருவம் அடையும் பறவை என்பதால், ஆண் பெண் பிரிக்க நமக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. மூன்றாவது வாரத்தில் தெரியத் தொடங்குகிறது. ஆறாவது வாரத்தில் சண்டை தொடங்குகிறது. இடைப்பட்ட மூன்று வாரந்தான் நம் கையில் இருக்கிறது.

மார்பைப் பார்த்து அறிதல்

ஒரு நாள் குஞ்சில் ஆண் பெண் அறிவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். விவசாயிகள் அதை முயல வேண்டாம். மென்மையான குஞ்சு கையிலேயே நசுங்கிவிடும். மூன்று வாரம் பொறுத்திருப்பதே நலம்.

மூன்று வாரம் நிறைந்த பறவையைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து மார்பைப் பாருங்கள். ஆணின் மார்பு இறகு செங்கல் நிறத்தில், துரு ஏறிய தகரத்தைப் போல ஒரே சீராக இருக்கும். தொண்டையும் கன்னமும் அதே சாயலில் சிவந்து காணப்படும். பெண்ணின் மார்பு வெளிர் மண் நிறமாகவும், அதில் எள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் நிறைந்ததாகவும் இருக்கும். தொண்டை வெளுத்திருக்கும். ஒரு முறை ஆணையும் பெண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இரண்டாவது வாரக் கடைசியில் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. குஞ்சு இறகு உதிர்ந்து புது இறகு வரும் வரையில் ஆணும் பெண்ணைப் போலவே புள்ளியோடு இருக்கும். மார்பின் நடுவில் நாலைந்து செந்நிற இறகுகள் முளைத்திருந்தால் அது ஆணாக மாறி வருகிறது என்று கொள்ளலாம். ஐயமாக இருப்பதைத் தனியே வைத்து அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்.

விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதும் கூடாது. மஞ்சள் பல்பு எரியும் கொட்டகையில் எல்லா மார்பும் சிவப்பாகத்தான் தெரியும்.

நிறக் காடைகளில் வரும் ஏமாற்றம்

இவ்வளவும் சாதாரணப் பழுப்புக் காடைக்குத்தான். வெள்ளைக் காடை, கருங்காடை, வெள்ளையும் பழுப்பும் கலந்த காடை ஆகியவற்றில் மார்பு நிறம் எதையும் சொல்லாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பணிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி எட்டு வெள்ளைக் காடைகளைக் காட்டிக் கேட்டார். படித்த கர்வம்; மார்பில் புள்ளி இல்லை என்பதையும், உருவம் சற்றுப் பெரிதாக இருப்பதையும் வைத்து ஆறு பெண், இரண்டு ஆண் என்று சொல்லி அனுப்பினேன். இருபது நாள் கழித்து அவர் திரும்பி வந்து, "நீங்க பெண்ணுன்னு சொன்னதுல மூணு கூவுதுங்க ஐயா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட பறவைகளில் நம்பத்தக்க அடையாளம் நுரைச் சுரப்பி. பருவமடைந்த ஆண் காடையின் எச்சத்துவாரத்திற்கு மேல்புறம், வாலின் அடியில், சிறு கொண்டைக்கடலை அளவில் செந்நிறப் புடைப்பு ஒன்று இருக்கும். மெல்ல அழுத்தினால் சோப்பு நுரை போன்ற வெண்ணிற நுரை வெளிவரும். இச்சுரப்பி ஆணுக்கு மட்டுமே உரியது. பெண்ணுக்குப் புடைப்பு இல்லை. துவாரம் அகன்று, ஈரமாக, குறுக்குக் கோடு போல இருக்கும்.

பார்க்கும் முறை இதுதான். பறவையின் முதுகு உங்கள் இடது உள்ளங்கையில் படியும்படி மல்லாக்காகப் பிடியுங்கள். சிறகுகள் இரண்டும் விரல்களுக்குள் அடங்கியிருக்க வேண்டும். நெஞ்சை இறுக்கக் கூடாது, இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். வலது கைவிரலால் வால் இறகை விலக்கி, துவாரத்தை ஒட்டியுள்ள சிற்றிறகுகளை ஊதி ஒதுக்குங்கள். புடைப்பு கண்ணுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் இரு விரலால் இலேசாகத் தொட்டு அழுத்திப் பாருங்கள். வயிற்றுக்குள் முட்டை கையில் தட்டுப்பட்டால் அழுத்தவே கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் அந்தப் பறவை பிழைப்பது அரிது.

இந்தச் சுரப்பி ஐந்தாறு வார வயதில்தான் நன்கு பருக்கும். வெளிச்ச நேரம் ஒரு நாளைக்கு 12 மணிக்குக் குறைந்தால் பெரிய ஆணுக்கும் சுருங்கிவிடும். ஆகவே இருட்டுக் கொட்டகையில் வளர்ந்த பறவையிடம் புடைப்பு இல்லை என்பதற்காக அதைப் பெண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வேறு இரண்டு துணை அடையாளங்களும் உண்டு. கூவுவது ஆண், கரகரத்த குரலில் மூன்று பகுதியாகக் கூவும். பெண் சில்வண்டு போல மெல்ல ஒலி எழுப்பும். இரண்டாவது எடை. கோழியில் சேவல் பெரிது. காடையில் இதற்கு நேர்மாறாகப் பெண்தான் பெரிது. ஆனால் எடையை மட்டும் வைத்து முடிவு செய்தால் என் கதிதான் உங்களுக்கும். எச்சத் தட்டைக் கவனிப்பதும் நல்லது. பெண்கள் மட்டுமே இருப்பதாக நினைக்கும் கூண்டின் தட்டில் சிறு வெண்ணுரை உருண்டைகள் கிடந்தால், உள்ளே ஓர் ஆண் இருக்கிறது என்பது உறுதி.

எத்தனை ஆண் வேண்டும்?

முட்டை தின்பதற்கோ விற்பதற்கோ என்றால் ஓர் ஆண்கூட வேண்டாம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆண் இல்லாமலே பெண் காடை முட்டையிடும். கருவில்லாத அம்முட்டை கோடையில்கூட அதிக நாள் கெடாமல் இருக்கும். குஞ்சு பொரிக்க முட்டை வேண்டும் என்றால் மட்டும் மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் விடுவது பண்ணை வழக்கம். வீட்டில் சில பறவைகளை வளர்ப்போர் நான்கு, ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண் என்று வைத்தால் பெண்களுக்குத் தொல்லை குறையும். ஒரே கூண்டில் இரண்டு ஆண் வைப்பதை, எவ்வளவு பெண் இருந்தாலும், நான் சிபாரிசு செய்வதில்லை. சில இடங்களில் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத அன்று காலையில் நீங்கள் பார்ப்பது ஒற்றைக் கண் பறவையாக இருக்கும்.

காயம் எங்கே? காரணம் அங்கே

கூண்டில் காயம்பட்ட பறவையைக் கண்டால் உடனே மருந்துக்கு ஓடாமல், காயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காயத்தின் இடமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

பெண்ணின் பிடரியிலும் தலையின் பின்புறத்திலும் இறகு உதிர்ந்து வழுக்கையாகி, முதுகிலும் இறகு தேய்ந்திருந்தால் அது ஆணின் வேலை. இணை சேரும்போது ஆண் காடை பெண்ணின் பிடரி இறகை அலகால் பற்றிக்கொண்டுதான் ஏறும். நாளொன்றுக்குப் பலமுறை இது நடக்கும். ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண் என்றால் அந்தத் தொல்லை பகிர்ந்து போகும். ஐந்து பெண்ணுக்கு ஏழு ஆண் என்றால் ஒவ்வொரு பெண்ணும் நாள் முழுதும் துரத்தப்படும். முதலில் இறகு போகும், அடுத்து தோல் கிழியும், இரத்தம் கண்டதும் மற்றப் பறவைகளும் சேர்ந்து கொத்தும். அந்தப் பெண் கொண்டுவந்த காடைக்கு நேர்ந்தது இதுவே.

கண், முகம், அலகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் காயம் என்றால் அது ஆணுக்கும் ஆணுக்கும் நடந்த சண்டை. தோற்ற பறவை காட்டில் என்றால் ஓடிப் பிழைத்துவிடும். கூண்டில் அதற்கு ஓட இடமில்லை. மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கும், வென்றது விடாமல் கொத்தும். மூலையில் எப்போதும் ஒடுங்கி நிற்கும் ஒரு பறவையைக் கண்டால் காயம் வரும்வரை காத்திராமல் அன்றே அதைப் பிரித்துவிட வேண்டும்.

உச்சந்தலையில் மட்டும் வீக்கமோ வெடிப்போ இருந்து, பிடரி இறகு நன்றாக இருந்தால் குற்றவாளி கூண்டின் கூரை. காடை மிரண்டால் கோழி போல் பக்கவாட்டில் ஓடாது; அம்பு விட்டாற்போல் நேர் மேலே எழும்பும். பூனை வந்தாலும், பட்டாசு வெடித்தாலும், இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டாலும் இப்படித்தான். ஆகவே கூண்டின் உயரம் 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் அதற்கு வேகம் எடுக்க இடமில்லை. "நல்லா உயரமா இருந்தா பறவைக்கு வசதிதானே" என்று அன்போடு ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் கூண்டு செய்வோர்தான் அதிகம். அதுதான் மிகவும் ஆபத்தான உயரம். ஆள் நிற்கும் உயரத்திற்கு அறை கட்டி விட்டால் அது வேறு. ஏற்கெனவே உயரமான கூண்டு செய்துவிட்டவர்கள் அதை உடைக்க வேண்டியதில்லை. உள்ளே கூரைக்குக் கீழே ஒரு கோணிச்சாக்கையோ நிழல்வலையையோ சற்றுத் தொய்வாகக் கட்டிவிட்டால் தலை அடிபடாது. கம்பி வலையின் வெட்டிய முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்து மடக்கிவிட வேண்டும்.

கால் விரல் காயம் மூன்று விதம். காலையில் பார்க்கும்போது விரலோ காலோ துண்டாகியிருந்தால் அது எலி அல்லது பெருச்சாளி. இரவில் அடிக்கம்பி வழியாக இழுத்துக் கடித்திருக்கும். கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்புக்கும் தடை. எலி தாவ முடியாதபடி சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். இரண்டாவது, கண் பெரிதான வலையில் விரல் சிக்குவது. பெரிய பறவைக்கு அரை அங்குலக் கண் வலை சரி. குஞ்சுக்கு அதன்மேல் கெட்டியான, சொரசொரப்பான தாளோ சாக்கோ விரிக்க வேண்டும். வழவழப்பான செய்தித்தாளில் குஞ்சின் கால் சறுக்கி அகன்று ஊனமாகிவிடும். இந்தப் பக்கத்தை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். மூன்றாவது, ஈரக் கூளத்தில் எச்சமும் தீவனமும் விரலில் ஒட்டி உருண்டையாகக் காய்ந்துவிடுவது. அதைப் பிய்த்து எடுத்தால் நகமும் விரலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் தானே கரையும்.

வால் பகுதியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் கொத்துக்காயம் இருந்தால் நெரிசல், அதிக வெளிச்சம், தீவனக் குறை ஆகியவற்றை நினைக்க வேண்டும். இதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. குஞ்சுகளே ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும்.

இடமும் வெளிச்சமும் தீவனமும்

பண்ணைக் கூண்டில் ஒரு பெரிய காடைக்கு 150 முதல் 200 சதுர சென்டிமீட்டர் இடம் என்பது கணக்கு. முட்டைக் காடைகளைப் பத்து, பன்னிரண்டாக ஒரு கூண்டில் விடுவர். அந்தப் பெண்ணின் கூண்டு 60 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். பன்னிரண்டு பறவைக்குத் தலைக்கு 225 சதுர சென்டிமீட்டர். பண்ணைக் கணக்குப்படி குறைவில்லை. ஆனால் அந்தக் கணக்கு மங்கிய வெளிச்சத்தில், சரியான தீவனத்தில், பெண்கள் மட்டும் இருக்கும் கூண்டுக்கு. வீட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கும் கூண்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு இடம் கொடுங்கள். இடத்தைவிட முக்கியமானது மறைவு. நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு, ஒரு பக்கம் திறந்த மண்சட்டி, ஒரு மூலையில் வைக்கோல் பிடி என்று வைத்தால் துரத்தப்படும் பறவை ஆணின் கண்ணில் படாமல் ஒதுங்கும். கண்ணில் படாவிட்டால் துரத்துவதும் நின்றுவிடும்.

தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஒவ்வொன்றே வைத்தால் பலமான ஆண் அதன் முன் நின்றுகொண்டு மற்றதை விரட்டும். இரு கோடியிலும் வையுங்கள்.

முட்டைக்காக 16 மணி நேரம் வெளிச்சம் தருவது வழக்கம். அது மங்கலாக இருந்தால் போதும். கூண்டில் தீவனம் கண்ணுக்குத் தெரியும் அளவு வெளிச்சமே தேவை. மேற்கு வெயில் நேராகக் கூண்டில் விழும் இடத்தில் கொத்திக்கொள்ளும் பழக்கம் விரைவில் வரும். இறைச்சிக்கு என்று பிரித்த ஆண்களுக்கு வெளிச்சத்தை 8 மணி நேரமாகக் குறைத்தால் சண்டை அடங்கி, எடையும் கூடும்.

தீவனத்தில்தான் பலர் சிக்கனம் பிடித்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். கம்பும் நொய்யும் மட்டும் போட்டால் காடைக்குப் போதாது. முதல் மூன்று வாரம் 27 சதவீதம் புரதம் உள்ள தீவனம் தேவை. அடுத்து 24 சதவீதம். முட்டைப் பருவத்தில் 20 சதவீதத்திற்குக் குறையக் கூடாது. காடைத் தீவனம் கிடைக்காத ஊரில் கறிக்கோழியின் ஆரம்பத் தீவனத்தைப் பொடித்துக் கொடுக்கலாம். புரதமோ உப்போ குறைந்தால் பறவை அதை மற்றப் பறவையின் இறகிலும் இரத்தத்திலும் தேடும். ஒரு பிடி கீரையைக் கட்டிக் கூண்டில் தொங்கவிட்டால் அதைக் கொத்துவதில் பொழுது போகும். மணலும் சாம்பலும் கலந்த ஒரு தட்டு வைத்தால் புழுதிக் குளியல் போட்டு அமைதியாக இருக்கும்.

அலகு நுனி வெட்டலாமா என்று கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளில் செய்வதுண்டு. பத்துப் பறவை வைத்திருப்பவர் அலகை வெட்டுவதைவிட அதிகப்படியான ஆணைப் பிரிப்பது மேல். காரணத்தை அப்படியே விட்டு ஆயுதத்தை மட்டும் பறிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

காயம்பட்டால் செய்ய வேண்டியது

முதல் வேலை பிரிப்பது. அடியில் வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில், அரை இருட்டில், தீவனமும் தண்ணீரும் எட்டும்படி தனியே வையுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்து அதனால் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, போவிடோன் அயோடின் மருந்து தடவலாம். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க, காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளைப் பூசலாம். மண்ணெண்ணெய், மூக்குப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கண்ணில் காயம் என்றால் உப்பு நீரால் கழுவுவதோடு நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். காடையின் தலைக்காயம் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், மறுபடி கொத்துப்படாமல் காப்பாற்றினால் பெரும்பாலும் ஆறிவிடும். பறவையைக் கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு இதைப் பழக்குங்கள்.

ஆறியவுடன் பகலில் கொண்டுபோய்ப் பழைய கூண்டில் போடுவது மீண்டும் காயத்திற்கு வழி. பிரிந்து பத்து நாள் ஆன பறவையை மற்றவை அந்நியமாகவே நடத்தும். புதிதாக வாங்கிய பறவையைச் சேர்ப்பதும் இதே போன்றதுதான். கூண்டைக் கழுவி, தடுப்பு, சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்து, அந்தி சாய்ந்தபின் புதியதையும் பழையதையும் ஒரே நேரத்தில் விடுங்கள். எல்லாவற்றுக்குமே அது புது இடமாக இருக்கும். மறுநாள் காலை முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். புதுப் பறவையை வாங்கிய அன்றே சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்ப்பது நோய்த்தடுப்புக்கும் நல்லது.

அந்த வீட்டில் நடந்தது

மிச்சமிருந்த ஆறு ஆணில் ஐந்தை இறைச்சிக்கு விற்றுவிடலாம் என்றார் தந்தை. கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆண் காடை வயது ஏற ஏறத் தீவனத்தைத்தான் தின்னும், நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையாது. மகள் பேசவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள் என்பது அவள் முகத்திலிருந்து தெரிந்தது. விவசாய வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதல்ல, ஆனாலும் எளிதல்ல. நான் இதில் தலையிடவில்லை. பிரித்தே ஆக வேண்டும் என்பதை மட்டும் சொல்லி, கூண்டுக்குள் சாக்குக் கூரை கட்டும் விதத்தைக் காட்டி அனுப்பினேன். விற்ற பணம் அவள் கையிலேயே கொடுக்கப்பட்டதாகவும், ஓர் ஆணை மட்டும் பக்கத்தில் சிறு கூண்டு செய்து வைத்திருப்பதாகவும் பிறகு தெரிந்தது.

தை மாதத்தில் அவ்வழியே சென்றபோது அந்த வீட்டிற்குப் போனேன். தலை கிழிந்து வந்த காடைக்கு இறகு முளைத்து அடையாளமே தெரியவில்லை. முட்டையிட ஆரம்பித்திருந்தது. புதிதாக மூன்று பெண் காடை வாங்கப் பணம் சேர்த்திருந்தாள். வாங்கிய விதத்தைத் தந்தைதான் சொன்னார். இம்முறை குஞ்சாக வாங்காமல் ஆறு வாரப் பறவையாகப் பார்த்திருக்கிறார்கள். விற்பவர் எடுத்துக் கொடுத்த மூன்றில் இரண்டு பழுப்பு, ஒன்று வெள்ளை. பழுப்பு இரண்டின் மார்பைப் பார்த்து ஒப்புக்கொண்டவள், வெள்ளையை வாங்கி மல்லாத்தி, வாலடியை ஊதிப் பார்த்து, விரலால் தொட்டிருக்கிறாள். நுரை வந்தது. "இது ஆணுங்க அண்ணா, வேற கொடுங்க" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். விற்றவரும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாராம்.

இரண்டு வாரம் தனியே வைத்திருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் ஆறு பெண்ணையும் அந்த ஓர் ஆணையும் கழுவிய கூண்டில் ஒன்றாக விட்டிருக்கிறாள். கூண்டு வாசலில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் முட்டைக் கணக்கு. மறுபக்கத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிடரி, கண், விரல் பார்த்த குறிப்பு. நான் பார்த்த அன்று கடைசி வரியில், "பிடரி இறகு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆணை நாளை முதல் மூன்று நாள் தனியே வைக்கணும்" என்று எழுதியிருந்தது.